பட்டாளத்துக்காரருக்கு ஒரு அயனி மரம்

குழித்துறையைச் சுற்றியுள்ள கிராமத்துச் சர்ச் ஒன்றுக்குள் போனால், ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஃபேன் இறக்கையில் பெயர் எழுதியிருக்கும். இன்னாரின் நினைவாக மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் அன்பளிப்பு. ஃபேன் ஓடினால் வாசிக்க முடியாது. நின்றால் வாசிக்கலாம், ஆனால் வியர்க்கும் :-) சுவர்க் கடிகாரம், பெஞ்சின் முதுகு, மைக் ஸ்டாண்ட், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே பதித்த பளிங்குக் கல் என்று எழுத இடம் இருக்கிற எதிலும் ஒரு பெயர் இருக்கும். டியூப் லைட்டில் பெயர் எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைத்த கதை தமிழ்நாடு முழுக்க எல்லா மதத்துக்கும் பொது.

இந்தப் பெயர்களுக்கு நடுவே ஊர்ப் பட்டாளத்துக்காரர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஃபேன் வாங்கிக் கொடுத்திருந்தால், கொடுத்தவர் என்ற முறையில் பெயர் இருக்கும். பட்டாளத்தில் இருந்தார் என்பதற்காக எங்கும் இருக்காது. இத்தனைக்கும் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று வழி சொல்லப்படுகிற ஒரு வீடாவது இல்லாத ஊரை இந்தப் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரயிலேறிப் போனவர், பதினைந்து பதினேழு வருட சர்வீஸ் முடிந்து முப்பத்தைந்து நாற்பது வயதில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வருகிறார். பெட்டியின் மேல் அவருடைய பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். ஊரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிற ஒரே பொருள் பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். அதிலும் பிறகு நெல்லோ பழைய துணியோ போட்டு வைத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வங்கி வாசலிலோ ஏடிஎம் வாசலிலோ துப்பாக்கியோடு நாற்காலி போட்டு உட்காருகிறார். ஊருக்கு அவர் ஞாபகத்துக்கு வருவது சில நாட்களில் மட்டும். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற. சர்ச்சில் அசனம் நடக்கும்போது வரிசையை ஒழுங்குபடுத்த. மிலிட்டரி கேன்டீனில் மலிவாக ஏதாவது வாங்கித் தர முடியுமா என்று கேட்க. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் ஞாபகம் அடிக்கடி வருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சர்ச் காம்பவுண்டில் இவர்களுக்கு ஆளுக்கொரு மரம் நட்டால் என்ன?

யோசனை புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்று ஓர் ஊர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், அந்த ஊரில் இருந்த லூகாஸ் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள், போருக்குப் போன ஊர்க்காரர்களுக்காகச் சாலையோரம் மரம் நட ஆரம்பித்தார்கள். தொழிற்சாலையில் சுமார் 500 பெண்கள். 1919க்குள் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு 3,771 மரங்கள். மரத்துக்கு ஒரு பெயர். எந்தப் பெயருக்கு எந்த மரம் என்பதற்கு அவர்கள் வைத்த விதிதான் இதில் முக்கியம். அதிகாரி முதலில், சிப்பாய் பின்னால் என்று கிடையாது. யார் முதலில் படையில் சேர்ந்தாரோ அவருக்கு முதல் மரம், அடுத்துச் சேர்ந்தவருக்கு அடுத்த மரம். கர்னலும் சமையல்காரனும் சேர்ந்த தேதிப்படி நிற்கிறார்கள். அது மட்டுமல்ல, செத்தவர்களுக்கு மட்டும் என்றும் கிடையாது. போனவர்கள் எல்லோருக்கும் மரம் உண்டு. உயிரோடு திரும்பி வந்தவர் தன் மரத்தின் நிழலில் தானே போய் நின்றுகொள்ளலாம்.

குமரி மாவட்டத்தில் இதை அப்படியே செய்ய நினைத்தால் முதல் சிக்கல் இங்கேதான் வரும். இங்கே 'நினைவாக' என்று எழுதினால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் போய், உங்கள் பெயரில் மரம் நடப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். "மக்களே, எனக்கு இப்பமே மரம் நடுதியளா? நான் சாவணும்னு பாத்துட்டு இருக்கியளா?" என்றுதான் கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். ஆனால் செத்த பிறகுதான் பெயர் என்கிற இந்தப் பழக்கம்தான் பட்டாளத்துக்காரர்களுக்கு அநியாயம் செய்கிறது. எல்லையில் இறந்தவரின் உடல் ஊருக்கு வரும்போது அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார், ஃபிளெக்ஸ் வருகிறது. அதே முகாமில் அதே பனியில் நின்று உயிரோடு திரும்பியவருக்குக் கொடி நாளன்று ஒரு சால்வைகூட நிச்சயமில்லை. (கொடி நாள் டிசம்பர் 7, 1949 முதல் அனுசரிக்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடி எதற்கு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?) 'நினைவு மரம்' என்ற பெயர்தான் உறுத்துகிறது என்றால் 'இன்னார் மரம்' என்றே சொல்லிவிட்டுப் போகலாம். ஊரில் மாமரத்துக்கும் பலாவுக்கும் வைத்தவர் பெயரைச் சொல்லி அழைப்பது ஏற்கனவே இருக்கிற வழக்கம்தானே.

ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு மரம் உண்டு. அதன் கதை ஒரு அம்மாவின் கதை. 1915இல் கல்லிப்போலியில் 'லோன் பைன்' என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஒரு சகோதரன் இறந்துபோகிறான். அதே சண்டையில் இருந்த இன்னொரு சகோதரன், பதுங்குகுழியை மூடியிருந்த பைன் கிளையிலிருந்து ஒரு காயை எடுத்து அம்மாவுக்கு அனுப்பி வைக்கிறான். அம்மா அதைப் பல வருடம் அப்படியே வைத்திருந்து, கடைசியில் விதையை எடுத்து முளைக்க வைக்கிறாள். அந்தக் கன்றுகளில் ஒன்றுதான் 1934இல் கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் நடப்பட்டது. அதன் விதையில் முளைத்த கன்றுகள் அந்த நாட்டின் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கின்றன. ஒரு காயை வருடக்கணக்கில் வைத்திருந்த அந்த அம்மா என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மகன் திரும்பி வரவில்லை, காய்தான் வந்தது.

இந்தியாவிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. நாகாலாந்தின் கொகிமாவில் 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த சண்டையில், துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஜப்பானியர்களும் இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையும் நின்றார்கள். அங்கே இருந்த ஒரு செர்ரி மரத்தில் ஏறி ஜப்பானியத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டார்கள். சண்டையில் மரம் அழிந்தது. ஆனால் மிஞ்சிய அடிமரத்திலிருந்து மறுபடியும் துளிர் வந்தது. இன்று அந்த இடம் போர்க் கல்லறைத் தோட்டம். 1,420 கல்லறைகள். கூடவே, எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் பொறித்த ஒரு நினைவுச் சின்னம். எல்லாம் ஒரே தோட்டத்துக்குள். அந்தச் செர்ரி மரமும் அங்கேதான் நிற்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டால், குழித்துறையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறித் தக்கலை தாண்டியதும் புலியூர்க்குறிச்சியில் இறங்கிக்கொள்ளலாம். உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரை போன ஒரு பழைய சிற்றாலயம், அதற்குள் ஒரு படைத்தலைவனின் கல்லறை. யுஸ்டேஷியஸ் டி லனாய். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர். பிடித்த ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, கோட்டைக்குள் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயரெடுத்து, 1777இல் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டவர். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. கோட்டையைச் சுற்றி இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, அதனால் நல்ல மரங்கள். ஒரு நாட்டுப்புறச் சிற்றாலயம், ஒரு பழைய பட்டாளத்துக்காரர், சுற்றிலும் மரங்கள் என்று எல்லாமே அங்கே இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் இருக்கிறது. மரங்களை யாரும் அவருக்காக நடவில்லை.

உதயகிரியில் ஒரு விஷயத்தை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்தக் கல் நிற்கிறது. கூரை போயிற்று, ராஜா போனார், திருவிதாங்கூர் போயிற்று, 1956இல் மாவட்டமே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. கல் அங்கேயே இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. கல்லுக்கு அந்த வசதி உண்டு. எவனும் எட்டிப் பார்க்காவிட்டாலும் நிற்கும். மரக்கன்றுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பங்குனி வெயிலில் பதினைந்து நாள் மறந்தால் கதை முடிந்தது. ஆக, கல்லா மரமா என்றால் கல்லே மேல் என்று ஒருவர் வாதாடினால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் மரம் வேண்டும். கல்லைத் திறந்து வைத்த அன்று சாயங்காலமே மறந்துவிடலாம், கல் காட்டிக்கொடுக்காது. மரம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சபை தன் பட்டாளத்துக்காரர்களை உண்மையிலேயே நினைத்துக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது கோடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயர்ப்பலகை மட்டும் நின்று, அதற்குப் பக்கத்தில் காய்ந்த குச்சி நின்றால், அந்தப் பெயருக்குரியவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதைவிட நடாமலே இருந்திருக்கலாம்.

இங்கேதான் பி.காம். படிக்கிறவர்களுக்கு வேலை. மரம் நடுவிழா என்றால் கன்று, குழி, கூண்டு, பேனர், டீ, வடை என்று ஒரே நாளில் செலவு முடிந்துவிடும். கணக்குப் பாஷையில் அது மூலதனச் செலவு. அதற்கு ஸ்பான்சர் கிடைப்பார், ஏனென்றால் போட்டோ உண்டு. அதற்குப் பிறகு வருகிற தண்ணீர், எரு, களை, ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் வருவாய்ச் செலவு. அதற்கு போட்டோ கிடையாது, ஆகவே ஸ்பான்சரும் கிடையாது. ஒரு கணக்குக்காக, கன்று ஒன்றுக்கு வருடம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் மூன்று வருடத்துக்கு 3,000 ரூபாய். இருபது மரத்துக்கு 60,000. இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு குழி தோண்ட வேண்டும். குழி தோண்டிவிட்டுக் கையைப் பிசையக் கூடாது.

கல்லறைத் தோட்டங்களை அழகாக வைத்திருப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் திறக்கப்பட்ட மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், இரண்டாம் உலகப்போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிற இடத்தில் புல் எப்படிச் சீராக இருக்கிறது என்று. கொகிமாவும் அதே நிர்வாகம்தான், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917இல், போர் முடிவதற்கு முன்பே தொடங்கியது. எந்த நாட்டுக்காரர்களின் கல்லறை எத்தனையோ அந்த விகிதத்தில் அந்தந்த நாடு வருடா வருடம் பணம் கட்டுகிறது. இந்தியாவும் கட்டுகிறது. அங்கே புல் சீராக இருப்பது பாசத்தால் அல்ல, வருடாந்திர பட்ஜெட்டால். பாசம் இருக்கிற இடத்தில் பட்ஜெட்டும் இருந்தால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும்?

பட்ஜெட் இல்லாத உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு 'என் மண் என் தேசம்' என்று ஓர் இயக்கம் நடத்தியது. நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயரைப் பஞ்சாயத்து தோறும் கல்லில் பொறிப்பது, பஞ்சாயத்துக்கு 75 நாட்டு மரக்கன்றுகள் நடுவது என்பது திட்டம். நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை வாசிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் பஞ்சாயத்தில் அந்த 75 கன்றுகள் எங்கே நடப்பட்டன என்று விசாரித்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். கல் இருக்கும். அதில் சந்தேகம் வேண்டாம்.

என்ன மரம் என்பதிலும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நர்சரிக்குப் போனால் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பூக்கிற எதையாவது தலையில் கட்டுவார்கள். அலங்கார மரம் வேண்டாம். ரப்பரைப் பற்றிப் பேச்சே இல்லை, அது பாலுக்கு வளர்க்கிற மரம், கறப்பு நின்றதும் வெட்டுக்குப் போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது இந்த மாவட்டம் பார்த்தது மறக்கக்கூடியதல்ல. கடலில் போனவர்கள் கணக்கு தனி. கரையில் ரப்பரும் வாழையும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, பெரிய பெரிய பழைய மரங்களும் வேரோடு வந்தன. ஆகவே எந்த மரமும் சாயாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அயனியை நடலாம். இந்த மண்ணுக்கே உரிய மரம், ஒழுங்காக விட்டால் அண்ணாந்து பார்க்கிற உயரம் போகும். வள்ளம் செய்தார்கள், வீட்டு உத்தரம் போட்டார்கள். அயனிச்சக்கை தின்னாத குழந்தைப் பருவம் இந்தப் பக்கம் ஒரு குழந்தைப் பருவமே இல்லை. கடற்கரைச் சர்ச்சுகளுக்குப் புன்னை. இடம் சின்னதென்றால் மகிழம். காற்றில் ஒன்று போனால் அதன் விதையில் முளைத்த கன்று பக்கத்தில் இருக்கிற மாதிரி இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை நாற்றுப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். லோன் பைன் அம்மா செய்தது அதுதான்.

அலுவலகக் கணக்கில் மேசை, நாற்காலி, ஃபேன், கட்டடம் எல்லாவற்றுக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறோம். அயனிக்கு எந்த விகிதத்தில் தேய்மானம் எழுதுவது என்று எந்த வாத்தியாரையாவது கேட்டுப் பாருங்கள். அது வருடா வருடம் கூடிக்கொண்டல்லவா போகிறது.

மரத்துக்கு உண்மையான எதிரி புயலோ வெயிலோ ஆடோ இல்லை. இன்டர்லாக் கல். காம்பவுண்ட் முழுக்க இன்டர்லாக் பதித்து, கார் நிறுத்த வெள்ளைக் கோடு போடுவதைத்தான் இப்போது வளர்ச்சி என்கிறார்கள். மண் தெரிந்தால் ஏழைச் சபை. அடுத்த எதிரி, புதிய ஆலயம் கட்டும் ஆசை. தாத்தா காலத்து ஓட்டுச் சர்ச்சை இடித்துவிட்டு இரட்டைக் கோபுரத்தோடு பெரிதாகக் கட்டும்போது முதலில் போவது முற்றத்து மரம். நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை' எழுதி 1966இல் வெளியிட்டார், முச்சந்தியில் நின்ற ஒரு மரத்தை வியாபாரமும் அரசியலும் சேர்ந்து தீர்த்துக்கட்டுகிற கதை. ஊர்க்காரர்கள் அதைப் பாராட்டி ஆறு தலைமுறைக்குப் பேசுவார்கள், பேசிக்கொண்டே அடுத்த மரத்தையும் வெட்டுவார்கள். ஒரு மரத்துக்கு ஊரில் வாழும் ஒருவரின் பெயர் இருந்தால், கமிட்டியில் அதை வெட்டத் தீர்மானம் போடுவது கொஞ்சம் கஷ்டம். அந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே நடலாம்.

யார் பெயர்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. சபை உறுப்பினர்கள் மட்டும் என்று ஆரம்பித்தால் அது சபை விவகாரமாக முடிந்துவிடும். பட்டாளத்துக்குப் போனபோது ஒரே ஊரிலிருந்து ஒரே ரயிலில் போனவர்கள், ஒரே லங்கரில் சாப்பிட்டவர்கள், திரும்பி வந்ததும் தனித்தனிக் காம்பவுண்டுக்குள் போய்விட வேண்டுமா? குமரி மாவட்டத்தில் இதை லேசாகச் சொல்லிவிட முடியாது. 1982இல் மண்டைக்காட்டில் ஆரம்பித்த கலவரத்தின் கசப்பு, அன்றைக்குப் பிறக்காதவர்களின் பேச்சிலும் எங்கேயோ எட்டிப் பார்க்கிற மாவட்டம் இது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு கிராமத்துச் சர்ச் தன் முற்றத்தில் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள் எல்லோர் பெயரிலும், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பாராமல் சேர்ந்த தேதி வரிசையில் மரம் நட்டால், அது தேவைக்கு அதிகமான தைரியமாகத் தெரியலாம். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள். கேட்டுப் பார்த்தவர் யார்? டி லனாய் கத்தோலிக்கர், அவர் வேலை பார்த்தது பத்மநாப சுவாமிக்கே ராஜ்ஜியத்தை எழுதிக் கொடுத்த ராஜாவிடம். எதிர்ப்புறக் கோவிலும் தன் முற்றத்தில் அதே மாதிரி நட முன்வந்தால் இன்னும் நல்லது. போட்டி மரம் வளர்ப்பதில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மிலிட்டரி நர்ஸாகப் போன பெண்களையும் விட்டுவிடக் கூடாது. பட்டாளத்துக்காரர் என்றதும் மீசை மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பல்லாரட்டில் நர்ஸ்களுக்கும் மரம் உண்டு.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, இது கல்லூரிக்காரர்களுக்கு நெருக்கமானது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு வருட சர்வீஸ். அதற்குப் பிறகு நான்கில் ஒரு பங்கு வரைதான் தொடரலாம் என்று அறிவிக்கப்பட்டது. மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு, பென்ஷன் இல்லாமல், 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து. அதாவது பிளஸ் டூவில் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள். அரசாங்க ரிஜிஸ்டரில் அவர்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்பதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். சர்ச் முற்றத்து வரிசையில் சேர்ந்த தேதிதானே கணக்கு? அவர்களுக்கும் ஒரு குழி தோண்ட வேண்டியதுதான்.

சர்ச் என்பது சமாதானத்தைப் பிரசங்கிக்கிற இடம், அங்கே போருக்கு மரியாதையா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது வெறும் தத்துவமும் அல்ல. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டவர்கள் திருவிதாங்கூர் அரசின் படைவீரர்கள். அவருக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்திய டி லனாய் அந்த அரசின் படையில்தான் இருந்தார். 2022இல் வத்திக்கான் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தது. துப்பாக்கிக்கு எந்தப் பக்கம் நின்றாலும் என்ன வலி என்று இந்த மண்ணுக்குத் தெரியும். அதனால்தான் பீரங்கியையோ டாங்கியையோ முற்றத்தில் நிறுத்தச் சொல்லவில்லை. தில்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்திலேகூட வெளிவட்டத்தில் வரிசையாக மரங்கள்தான் காவல் நிற்கின்றன, ஒவ்வொரு மரமும் எல்லையில் நிற்கிற ஒரு வீரனுக்கு அடையாளம் என்று. ஆனால் அந்த மரங்களுக்குப் பெயர் இல்லை. கிராமத்தில் பெயர் சொல்லி வைக்க முடியும், அது கிராமத்துக்கு இருக்கிற வசதி.

எப்போது நடுவது என்றால், அதற்குப் பதில் குழித்துறையிலேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் முன்னோருக்குப் பலி கொடுக்க ஜனம் கூடும். (திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இங்கேயும் ஒரு தாமிரபரணி உண்டு.) அதையொட்டி வாவுபலிப் பொருட்காட்சி. ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, மரணக்கிணறு எல்லாம் பிற்பாடு வந்தவை. அடிப்படையில் அது விவசாயிகளின் சந்தை, செடியும் கன்றும் வாங்குகிற இடம். செத்தவர்களை நினைக்கவும் கன்று வாங்கவும் ஒரே நாளில் ஒரே ஆற்றங்கரைக்கு வருகிற ஊருக்கு இந்த யோசனையை யாரும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

அந்த மாதத்தில் இடவப்பாதி மழையின் ஈரம் மண்ணில் இருக்கும். ஐப்பசியில் துலா மழை வந்து இன்னொரு முறை கை கொடுக்கும். இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் கிறிஸ்துமஸ் வரைக்கும் யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். தை பிறந்ததிலிருந்து வைகாசி வரைதான் பிரச்சினை, சுமார் இருபது ஞாயிற்றுக்கிழமைகள். ஓய்வுநாள் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த மரம் என்று டீச்சர் நோட்டில் எழுதி வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும். வார நாட்களுக்குக் கமிட்டி ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியை முதலிலேயே பட்ஜெட்டில் எழுத வேண்டும், டீ வடைக்கு முன்னால்.